கவாத்து வெட்டிய வருஷம் அடித்த சிக்சர்கள்

ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் எனக்குக் கொழுந்து நிறுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கிரிக்கெட். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் நான் திடீரென்று சிக்சர் சிக்சராக அடிக்க ஆரம்பித்தேன். அதுவரை பந்தைத் தரையோடு தட்டிவிட்டு ஓடுகிறவன் என்றுதான் பெயர்.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள்.

"புதுப் பொண்டாட்டி கருவாட்டுக் குழம்பு வேலை செய்யுதுடா," என்றான் எங்கள் லயத்தில், அதே வீட்டு வரிசையில், குடியிருந்த ஒருவன்.

"எனக்குந்தான் பொண்டாட்டி குழம்பு வைக்கா. நான் முட்டையில்ல எடுக்கேன்?" என்றான் இன்னொருவன்.

எங்கள் கேப்டன், ஃபாக்டரியில் தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர். அவர் என் புஜத்தை அமுக்கிப் பார்த்து, "மூட்டை தூக்கின பலம்" என்று தீர்ப்புச் சொன்னார். மூட்டையை நான் வருஷக்கணக்காகத் தூக்குகிறேன். ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்குக் கூச்சம். சிரித்து வைத்தேன்.

உண்மைக் காரணம் மைதானத்தை ஒட்டிய தேயிலைச் செடிகள். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கார்க் பந்து. அது செடிக்குள் விழுந்தால் அடித்தவன்தான் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது. ஒரு தடவை நான் அப்படித் தொலைத்துவிட்டேன். எல்லோரும் இடுப்பில் கை வைத்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அட்டைக்கடியைவிட அந்தப் பார்வைதான் அதிகம் கடித்தது. பிறகு நான் பந்தைத் தூக்கி அடிக்கவே இல்லை.

அந்த வருஷம் அந்தப் பக்கம் முழுக்கக் கவாத்து வெட்டினார்கள். செடியெல்லாம் முழங்கால் உயரத்துக்கு வெறும் குச்சி. பந்து எங்கே விழுந்தாலும் நின்ற இடத்திலிருந்தே தெரியும். கை தானாக உயர்ந்தது. அவ்வளவுதான்.

அப்போதுதான் பக்கத்து எஸ்டேட்டோடு, அவர்கள் மைதானத்தில், ஒரு பந்தயம் வந்தது. டீமேக்கர் என்னை நம்பித்தான் ஒத்துக்கொண்டார். அங்கேயும் ஒரே பந்துதான். மைதானத்தைச் சுற்றி இடுப்பளவு பச்சை. சனிக்கிழமை கூடையோடு நிறுவைக்கு வந்த மனைவியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

"இம்புட்டுத்தானா? நான் என் கருவாடுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள்.

மறுநாள் லாரியில் அவளும் கொழுந்து பறிக்கிற பெண்கள் சிலரும் ஏறிக்கொண்டார்கள். "நீங்க எதுக்கு?" என்றார் டீமேக்கர். "வேடிக்கை பாக்கத்தான்யா" என்றாள் என் மனைவி.

நான் மட்டையோடு போனபோது அவர்கள் ஓரத்தில் இல்லை. பவுண்டரி கோட்டுக்கு அப்பால், இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு செடிகளுக்குள் நின்றார்கள்.

"ஏங்க! வரிசைக்கு ஒரு ஆளு நிக்கோம், பயப்படாம அடிங்க!"

மைதானமே சிரித்தது. என் காது சூடாகிவிட்டது. ஆனாலும் அடுத்த பந்தைத் தூக்கி அடித்தேன். அது விழுவதைப் பார்க்கத் தைரியமில்லாமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெண்கள் கூவுவது கேட்டது. நிமிர்ந்தால், பச்சைக்கு மேலே அவள் கை, கையில் பந்து. அதற்கப்புறம் நான் தலை குனிய வேண்டியிருக்கவில்லை.

ஜெயித்துத் திரும்பும்போது டீமேக்கர் என் புஜத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. தன் பையிலிருந்து உப்புப் பொட்டலம் எடுத்து, காலில் ஒட்டியிருந்த அட்டையை உதிர்க்க என் மனைவியிடம் கொடுத்தார்.