காப்புக் கட்டிய பின் போட்ட ஊசி

அந்த நாட்களில் பங்குனி பிறந்தால் எங்கள் தெருவில் வேப்பிலை இரண்டு இடத்தில் தொங்கும். ஒன்று மாரியம்மன் கோயிலில், இன்னொன்று அம்மை கண்ட வீட்டு நிலையில். இப்போது கோயிலில் மட்டும்தான். பெரியம்மை என் சின்ன வயதிலேயே ஊரைவிட்டுப் போய்விட்டது. மணல்வாரி மட்டும் அதற்குப் பிறகும் வருஷம் தவறாமல் வெயிலோடு வந்து பிள்ளைகளைத் தேடும். பொடிமணலை வாரி இறைத்தமாதிரி மேலெல்லாம் சிவந்து பொரிவதால் அந்தப் பெயர்.

நான் சொல்வது எண்பதுகளின் பின்பாதி. ஸ்ரீவில்லிபுத்தூர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றால் போதும், ஊசியைப் பற்றி ஆளுக்கொரு கட்சி. ஒன்பது மாதம் முடிந்த பிள்ளைகளுக்கு மணல்வாரி ஊசி என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"வாரவள வாசல்லயே மறிக்கதா? அவ கோவிச்சா யாரு தாங்குதது?" என்பாள் எதிர்வீட்டு அக்கா.

"பெரியம்மைய வெரட்டுனமே, அப்பக் கோவிச்சாளா? பட்டாளத்துல எனக்குக் குத்தாத ஊசி இல்ல. இந்தா, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார் பென்ஷன் வாங்கி ஊர் திரும்பிய பட்டாளத்து மாமா.

"கல்லுதான் மாமா, நாங்க சொல்றது எதுதான் ஒங்க காதுல ஏறுது" என்று யாராவது சொல்ல, சிரிப்பில் பேச்சு கலையும். அதற்குள் குடம் நிறைந்திருக்கும்.

எனக்குச் சிரிப்பு வராது. நான் பிறந்த கூமாப்பட்டியில் என் தம்பிக்கு மணல்வாரி கண்டு இறங்கியபோது ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. அது மாரியம்மனுக்குக் கொடுத்த கண் என்றது ஊர். கொடுத்தது யார்? அவனைக் கேட்டார்களா? அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. என் மகளுக்கு அப்போது பத்து மாதம். நான் எங்கே நகர்ந்தாலும் அவளுடைய இரண்டு கண்ணும் என் பின்னாலேயே வரும்.

ஆனால் அவள் அப்பா காப்புக் கட்டியிருந்தார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் பூக்குழி இறங்குகிறேன் என்று நேர்ந்திருந்தார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் வீட்டில் கறி கிடையாது, அவருக்குக் கட்டில் கிடையாது, நகம்கூட வெட்டக் கூடாது. பூக்குழி முடிகிறவரை அந்த வீட்டில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தக் கூடாது. சிந்தினால் நெருப்பு காலைச் சுட்டுவிடும் என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை.

"ஊசின்னா ரத்தம் வரும்ட்டி. பூக்குழி முடியட்டும், பொறவு நானே தூக்கிட்டுப் போறேன்" என்றார்.

அடுத்த தெருவிலோ அதற்குள் வீட்டுக்கு வீடு வேப்பிலை செருக ஆரம்பித்துவிட்டார்கள். ஊசி போட்டால் அவர் கால். போடாவிட்டால் பிள்ளையின் கண். நான் இரண்டையும் நம்பினேன், அதுதான் சங்கடம்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனபிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறினேன். உள்ளூரில் போட்டால் குழாயடிக்குத் தெரிந்துவிடும். அவருக்கும் ராஜபாளையத்தில்தான் வேலை, மருத்துவப் பஞ்சும் பேண்டேஜும் செய்கிற கம்பெனியில். ஆனால் அது ஊரின் வேறு கோடி. மத்தியான வெயிலில் மேற்கே தெரிந்தது மலையா மேகமா என்று சொல்ல முடியவில்லை. பிள்ளை மடியில் தூங்க, நானும் பாதி தூங்கினேன். எதிர்சீட்டில் என் தம்பி சின்னப்பையனாக உட்கார்ந்து, இரண்டு கண்ணாலும் ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தான். விழித்துப் பார்த்தால் அங்கே ஒரு தேங்காய் மூட்டை இருந்தது.

"ஒரு வாரம், பத்து நாள்ல லேசாக் காய்ச்சல் அடிச்சு மேல பொரிஞ்சாலும் பொரியும். பயப்படாதீங்க" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ஊசி குத்திய இடத்தில் ஒரு பொட்டு ரத்தம். பஞ்சை வைத்து அழுத்தினார். நான் பிள்ளையின் முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டேன்.

டாக்டர் சொன்னபடியே ஒரு வாரம் கழித்துப் பொரிந்தது. முதலில் பார்த்தது எதிர்வீட்டு அக்கா. "மாரி ஒங்க வீட்டுக்கே வந்துட்டாடி" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நிலையில் வேப்பிலை ஏறியது. அடுப்பில் தாளிப்பு நின்றது. இளநீரும் நுங்கும் வந்தபடி இருந்தன. மஞ்சள் வாசனையும் சாயங்காலக் கொட்டுச் சத்தமும் நிறைந்த அந்த வீட்டுக்குள் நான் தண்ணீருக்கடியில் நடப்பவள்போல நடந்தேன். அவர் பத்து மாதப் பிள்ளையின் முன் மண்டியிட்டு, "வாங்க தாயே, இருங்க" என்றார். தாய் அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டு நாளில் எல்லாம் மங்கி மறைந்தது.

பூக்குழி அன்று மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பியவரை மறித்தேன். "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இன்னைக்கு எறங்க வேண்டாம்" என்றேன்.

"வந்து கேக்கேன்" என்று போய்விட்டார்.

கோயில் பக்கமே நான் போகவில்லை. பிள்ளையை இறுக்கிக்கொண்டு கதவருகே நின்றேன். குலவைச் சத்தம் எழும்போதெல்லாம் இது அவரா, இது அவரா என்று என் பாதம் கூசியது.

திரும்பி நடந்தேதான் வந்தார். மேலெல்லாம் சாம்பல். படியில் உட்கார்ந்ததும், நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்: "அன்னைக்குச் சாயந்தரம் பிள்ளையத் தூக்கும்போது சட்டைக் கையில பஞ்சு ஒட்டியிருந்துச்சு. நாள் பூரா பஞ்சுல நிக்கேன், எனக்குத் தெரியாதா? எங்க கம்பெனிப் பஞ்சுதானான்னுகூடப் பாத்தேன்."

"தெரிஞ்சேவா எறங்குனீங்க?"

"நேந்தாச்சுல்லா. எம்புட்டுப் பயம் தெரியுமாட்டி? காலே எடுத்து வைக்க ஓடல." பிள்ளையின் சட்டைக் கையை நீவிவிட்டார். "சுட்டா என் காலத்தான சுடும். பிள்ளைக்குத்தான் ஊசி போட்டாச்சே."

நான் அந்தக் கால்களை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.