செவ்வாய் கொஞ்சம் தள்ளி உட்காரட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மகள் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். "அத்தை, எனக்கு ஏழாம் எடத்துல செவ்வாயாம். மாப்பிள்ள வீட்டுல வேணாம்னுட்டாக." திரையில் பன்னிரண்டு கட்டம். ஏழாவதில் செவ்வாய் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. அந்த வீட்டார் ஒருவரும் இவளை நேரில் பார்த்ததுகூட இல்லை. எனக்கு என்னவோ, நம்புங்கள், பிரிண்டர் ரிப்பன் மை வாசனை அடித்தது.

கல்யாணத்துக்கு முன்னால் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். முதலாளி வீரசோழன் ஊர்க்காரர், ஒரு பாய். சவுதியில் சம்பாதித்து, ஒரு கம்ப்யூட்டரும் கிறீச் கிறீச்சென்று கத்துகிற பிரிண்டரும் வாங்கிப் போட்டவர். கம்ப்யூட்டர் ஜாதகமும் அடித்துக் கொடுப்போம். அவருக்கு அதில் நம்பிக்கை கிடையாது. "அது ஒங்க பாடும்மா. ஆனா நம்ம கடைக் கணக்கு பிசகக் கூடாது" என்பார். பந்தல்குடி ரோட்டில் போகிற லாரிக்காரர்கள்கூட வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பிள்ளை பிறந்த நேரத்தைச் சொல்லி வாங்கிப்போவார்கள். கூட்டமில்லாத மத்தியானங்களில் நான் என் ஜாதகத்தையே அடித்து அடித்துப் பார்ப்பேன். பாய் பேப்பர் கட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாரே தவிர ஒன்றும் சொல்ல மாட்டார்.

அப்படித்தான் ஒரு சங்கதி பிடிபட்டது. எனக்கும் ஏழாம் கட்டத்தில்தான் செவ்வாய். ஆனால் ராசிக் கட்டத்துக்குக் கீழே பாவகக் கட்டம் என்று இன்னொன்று அச்சாகும், யாரும் சீண்டமாட்டார்கள். அதில் என் செவ்வாய் ஆறில் இருந்தது. கட்டம் ஒவ்வொன்றையும் ஒரு தெருவாக வைத்துக்கொள்ளுங்கள். என் லக்னம் முதல் தெருவின் கடைக்கோடி. செவ்வாய் ஏழாவது தெருவின் முதல் வீடு. தெருவை எண்ணினால் ஏழு. பாகை பாகையாக அளந்து நடந்தால் அவ்வளவு தூரம் வராது, ஆறோடு நின்றுவிடும்.

அந்தச் சமயத்தில்தான் பரளச்சியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை உரக்கடை வைத்திருந்தார். தட்டிலிருந்த காராச்சேவை யாரும் பார்க்காதபோது என் பக்கம் நகர்த்தி வைத்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் காராச்சேவிலேயே நான் விழுந்துவிட்டேன். அவர் ஜாதகம் சுத்தம், தோஷமே கிடையாது. என் செவ்வாயைப் பார்த்தால் இந்தச் சம்பந்தம் போச்சு.

மாப்பிள்ளையின் அம்மா என் ஜாதகத் தாளை வாங்கிப் பார்த்தார். "ஏழுல உக்காந்திருக்கானே" என்றார்.

பெண் பேசக்கூடாத இடத்தில் நான் வாயைத் திறந்தேன். பாவகக் கட்டத்தைக் காட்டி, தெருக்கணக்குச் சொல்லி, செவ்வாய் ஆறில்தான் என்று சாதித்தேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த அம்மா எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அப்ப நாலுல இருக்குற குரு?" என்றார்.

நாலாம் இடம் கேந்திரம், பலமான இடம். அங்கே உச்சத்தில் குரு. எங்கள் வீட்டுக்குப் பீற்றிக்கொள்ள இருந்த ஒரே சொத்து அதுதான். அதே பாகைக் கணக்கில் அவரும் மூன்றாம் இடத்துக்கு இறங்கியிருந்தார். கெட்டதுக்கு ஒரு படி, நல்லதுக்கு ஒரு படி என்று வைத்து அளக்க முடியுமா? "அவரும் நகந்துருவாரு" என்றேன்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். "மறைக்காமச் சொல்லுதே புள்ள. எனக்குப் புடிச்சுப்போச்சு. குரு இருக்குற எடத்துலயே இருக்கட்டும். செவ்வாய் கொஞ்சம் தள்ளி உக்காரட்டும்." பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

மறுநாள் பாயிடம் சொன்னேன். "ஒரே தராசுல நிறுக்கலையேம்மா" என்று யோசித்தார். "சரி விடு. கணக்கு தப்பு, யாவாரம் நல்ல யாவாரம்."

பாய் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரை நினைக்காத நாள் கிடையாது.

அண்ணன் மகளின் போனை வாங்கித் தேய்த்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் தொட்டதும் பாவகக் கட்டம் வந்தது. அவளுக்கும் செவ்வாய் ஆறுக்கு நகர்ந்துவிட்டது. "பாத்தியா, ஏழுல இல்லடி. அவுககிட்டச் சொல்லு" என்றேன்.

"யாருகிட்ட அத்தை சொல்ல? நம்ம நம்பரை பிளாக் பண்ணிட்டாக" என்றாள்.