கடைசிப் பக்கத்தில் ஒட்டிய வரி

போன வாரம் ஒருநாள் காலை, ரசத்துக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது கைபேசியில் தோழி ஒருத்தியின் குரல்பதிவு வந்தது. "ஏய், பேத்திக்கு ஆறு வயசு முடிஞ்சிருச்சுடி. எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிட்டா. நல்ல புஸ்தகமா ஒரு பத்து எழுதி அனுப்பு. நீதான் அதுல பழம் தின்னு கொட்டை போட்ட ஆளாச்சே."

கொட்டை போட்டதெல்லாம் உண்மைதான். அதில் ஒரு கொட்டை இன்னும் தொண்டையிலேயே நிற்பது அவளுக்குத் தெரியாது. பதில் அனுப்பாமல் பூண்டையே உரித்துக்கொண்டிருந்தேன். அது மலைப்பூண்டு. பெருமாள்மலையில் பஸ் நின்றபோது இறங்கி வாங்கியது. கீழ்நாட்டுப் பூண்டைவிடச் சின்னது, காரம் அதிகம், உரித்த விரலில் இரண்டு நாளைக்கு வாடை போகாது. எனக்கு அது சமையல் வாடை மட்டுமில்லை. ஒரு காலத்தில் எனக்குப் புத்தகம் என்றாலே அந்த வாடைதான்.

சொன்னால் சிரிப்பீர்கள். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயசு. அப்பா கொடைக்கானலில் ஒரு மிஷன் விடுதியில் சமையல்காரர். அந்த வளாகத்தின் ஓரத்திலேயே குழந்தைகளுக்கென்று ஒரு சின்ன வாசகசாலை இருந்தது. அதில் எனக்கு உதவியாளர் வேலை. பொறுப்பாளர் எஸ்தர் அக்கா. எங்கள் இருவரையும் விட்டால் அங்கே இருந்தது ஒரு கரி அடுப்பும் புத்தகம் அரிக்கிற ராமபாணப் பூச்சிகளும்தான். மழைமாதங்களில் மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வந்து அலமாரிவரைக்கும் போகும். புத்தகங்களை அடுப்பைச் சுற்றி நிறுத்திவைத்து உலர்த்துவோம்.

சனிக்கிழமை தோறும் ஒரு ட்ரங்குப் பெட்டி நிறையப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு மேல்மலைக்கு பஸ் ஏறுவேன். பூம்பாறைப் பக்கம் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற ஒரு ஊர். பஸ் நிற்கும் நிழற்குடையின் சிமெண்ட் பெஞ்சில் பெட்டியைத் திறந்துவைத்தால் பிள்ளைகள் சூழ்ந்துகொள்வார்கள். ஆளுக்கொரு புத்தகம், அடுத்த சனிக்கிழமை திருப்பித் தர வேண்டும். அங்கே வீட்டுக்கு வீடு அடுப்புக்கு மேலே பரண் போட்டுப் பூண்டைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஈரம் படாமலிருக்கப் புத்தகத்தையும் அந்தப் பரணில்தான் வைப்பார்கள். திரும்பி வரும் புத்தகங்களை எஸ்தர் அக்கா ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோய் இழுத்துப் பார்ப்பார். "ஸ்மெல் பண்ணிப் பாரும்மா. பூண்டு வாடை அடிச்சா வீட்டுல மரியாதையா வச்சிருந்து ரீட் பண்ணியிருக்கான்னு அர்த்தம். வாடை இல்லைன்னா புக்கு பைக்குள்ளேயே கெடந்திருக்கு." இந்தச் சோதனை பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

சின்னப் பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று நான் கற்றுக்கொண்டது அந்த சிமெண்ட் பெஞ்சில்தான். ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தால் பெரியவர்களுக்கு அலுக்கும், புதிதாக வாசிக்கிற பிள்ளைக்கு அது கைப்பிடிச் சுவர். எழுத்து சொல்லாத எதையாவது படம் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை லாரிப் படம் போட்ட புத்தகத்தையே ஐந்து வாரம் எடுத்துப்போனான். வேறு எடுக்கச் சொல்லி மல்லுக்கட்டினேன். ஆறாவது வாரம் அவனே அதை மூடிக்கொண்டு எனக்கு ஒப்பித்துக் காட்டினான். அதோடு என் மல்லுக்கட்டு நின்றது. படித்து முடித்ததும் 'இந்தக் கதையிலிருந்து என்ன தெரிகிறது' என்று கேட்கிற பெரியவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ஆகாது.

இவ்வளவும் தோழிக்கு எழுதி அனுப்பலாம். எழுதினால் மிச்சத்தையும் எழுத வேண்டிவரும்.

எங்களிடம் இருந்தவற்றில் பாதிக்கு மேல் இங்கிலீஷ் படப் புத்தகங்கள். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரக் குடும்பங்கள் விட்டுப்போனவை. படங்கள் கண்ணைப் பறிக்கும். ஆனால் மேல்மலைப் பிள்ளைகளுக்கு அந்த எழுத்தால் என்ன பிரயோஜனம்? அதனால் நானே தமிழில் எழுதி ஒட்டுவேன். வெள்ளைத் தாளை வரியளவுக்கு வெட்டி, இந்தியன் இங்கில் எழுதி, இங்கிலீஷ் வரியின் மேலேயே அது தெரியாதபடி ஒட்டிவிடுவது. மைதாப் பசைதான், பூச்சி வராமலிருக்கத் துளி மயில்துத்தம் சேர்ப்போம். என் கையெழுத்து அச்சுப் போலவே இருக்கும். அதில் எனக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை.

தலைக்கனம் அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மனசுக்குப் பிடிக்காத முடிவு உள்ள கதைகளை நான் மாற்றவும் ஆரம்பித்தேன். வயசான நாய் செத்துப்போகிறதா, வெளியூர் போயிருக்கிறது என்று எழுதுவேன். பொம்மை ஆற்றோடு போய்விட்டதா, கிடைத்துவிட்டது என்று ஒட்டுவேன். சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு அழுகை என்று நினைத்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை, எஸ்தர் அக்காவுக்கும் தெரியாது. அப்படி மொத்தம் பதினான்கு புத்தகங்கள்.

அதில் ஒன்று அணில் கதை. பனி கொட்டும் காட்டில் ஒரு தாய் அணில் குட்டியைப் பொந்தில் விட்டுவிட்டு இரை தேடப் போகிறது. 'அம்மா வருவாள்' என்று பக்கத்துக்குப் பக்கம் குட்டி சொல்லிக்கொண்டே இருக்கிறது. அம்மா வருவதில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு கிழட்டு ஆந்தை தன் சிறகுக்குள் குட்டியை வைத்துக்கொண்டு தூங்குகிறது. நான் அந்தப் பக்கத்தில் ஒட்டிய வரி இது: பொழுது விடிந்தது. அம்மா வந்துவிட்டாள்.

அந்த ஊரில் பூங்கொடி என்று ஒரு பிள்ளை. ஏழு வயசு, முழங்கால்வரை தொங்கும் பச்சை ஸ்வெட்டர். பஸ் வரும்போது நிழற்குடையில் முதல் ஆளாக நிற்பது அவள்தான். ஆனால் நான் இறங்கியதும் ஓடிவர மாட்டாள். கடைசி ஆள் இறங்கி பஸ் புறப்படும்வரை அங்கேயே நின்றுவிட்டுத்தான் பெட்டிப் பக்கம் வருவாள். எவ்வளவு அடக்கமான பிள்ளை, நமக்காகக் காத்திருக்கிறதே என்று உள்ளுக்குள் பூரித்துப்போவேன்.

அவள் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டதே அந்த அணில் புத்தகத்தில்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரலை வைத்து 'அம்மா வருவாள், அம்மா வருவாள்' என்று வாசிப்பாள். நான்கு வாரம் அதையே எடுத்துப்போனாள். மூன்றாவது வாரம் கடைசிப் பக்கத்தைக் காட்டிக் கேட்டாள்.

"டீச்சர், அம்மா வந்துட்டான்னு போட்டிருக்கு. படத்துல காணோமே?"

எழுத்தைத் திருத்தினேனே தவிரப் படத்தை நான் யோசிக்கவே இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "பொந்துக்குள்ள இருக்கா பிள்ள. உனக்குத் தெரியல."

"உள்ளயா இருக்கா?" என்று முகமெல்லாம் சிரித்தாள். சமாளித்துவிட்டோம் என்று நானும் சிரித்தேன்.

இரண்டு வாரம் கழித்துச் சனிக்கிழமை அவளுடைய அப்பா வேலுமணி நிழற்குடைக்கு வந்தார். பூண்டுக் காட்டிலிருந்து நேரே வந்த ஆள், கையெல்லாம் மண். அணில் புத்தகம் அவர் கக்கத்தில் இருந்தது.

"டீச்சர், ஒரு சோலி. செத்த இப்படித் தள்ளி வாங்க."

போனேன்.

"இவ அம்மா போயி மூணு மாசம் ஆச்சுங்க. காய்ச்சல்னு கீழ வத்தலக்குண்டுக்குத் தூக்கிட்டுப் போனோம். பொழைக்கல. அந்த மழையில மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சுக் கெடந்துச்சு, மேல கொண்டார வழியில்ல. அய்யம்பாளையத்துல அவ பொறந்த வீட்டுல வச்சே எல்லாத்தையும் முடிச்சுட்டோம். பிள்ளை இங்க பக்கத்து வீட்டுல இருந்துச்சு. அம்மா மருந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கா, வந்துருவான்னு சொல்லி வச்சேன்."

புத்தகத்தை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

"முந்தாநேத்து மனசைத் தேத்திக்கிட்டு உள்ளதைச் சொல்லிட்டேங்க. நீ பொய் சொல்ற, புஸ்தகத்துல வந்துட்டான்னு போட்டிருக்கு, உள்ள இருக்கான்னு டீச்சரும் சொன்னாங்கன்னு ஒரே பிடியா நிக்கிறா. நான் படிக்காதவன். அதுல அப்படியா போட்டிருக்கு?"

நான் திரும்பிப் பார்த்தேன். பூங்கொடி நிழற்குடையில் நின்றாள். நான் வந்த பஸ் இன்னும் கிளம்பவில்லை, அவள் அதன் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை சனிக்கிழமையும் அவள் யாருக்காக நின்றாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மழுப்பிவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். ஏறத்தான் கால் துடித்தது. ஆனால் அந்த மனுஷன் புத்தகத்தை நீட்டிக்கொண்டு நின்றார். ஒரு சொம்பில் தண்ணீர் கேட்டு வாங்கினேன். பூங்கொடியைப் பெஞ்சில் பக்கத்தில் உட்காரவைத்து, முந்தானை நுனியை நனைத்து அந்த வரியின் மேல் அழுத்திப் பிடித்தேன். பசை ஊறித் தாள் முழுசாக உரிந்து வந்தது. அடியில் இங்கிலீஷ் எழுத்து.

"இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

"பனிக்காலம் ரொம்ப நாள் இருந்துச்சாம். குட்டி, ஆந்தைகூட இருந்துச்சாம்."

"அம்மா?"

"வரலம்மா."

"பொந்துக்குள்ள இருக்கான்னு சொன்னீங்க?"

"நான் பொய் சொல்லிட்டேன்."

ஈரத்தாளைப் பார்த்தாள். "அப்ப இதை யாரு எழுதுனது?"

"நான்தான்."

அவள் அழவில்லை. திறந்து கிடந்த பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "இதுல எல்லாத்துலயும் நீங்கதான் எழுதுனீங்களா டீச்சர்?" என்றாள்.

"ஆமா."

புத்தகத்தை மூடிப் பெட்டிக்குள் அதன் இடத்தில் வைத்தாள். எழுந்து படிக்கட்டுக் காடுகளின் நடுவே வீட்டுக்கு ஏறிப்போனாள். வேலுமணி பின்னாலேயே ஓடினார். கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து அவள் அழுகிற சத்தம் கேட்டது, ஊரே காட்டில் நின்று பார்க்கிற அழுகை. மூன்று மாதம் கழித்து அன்றைக்குத்தான் அந்த வீட்டில் இழவு விழுந்தது.

அதற்குப் பிறகு அவள் பஸ்ஸுக்கும் வரவில்லை, பெட்டிக்கும் வரவில்லை. பிள்ளைகள் புத்தகம் மாற்றும்போது மேலே காட்டு வரப்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். "வா பிள்ள, புதுசு வந்திருக்கு" என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை. தை பிறந்ததும் அவளை அய்யம்பாளையத்தில் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

எஸ்தர் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "நல்லதுக்குத்தானேம்மா பண்ணின, விடு" என்றார். விட முடியவில்லை. கரி அடுப்பருகே உட்கார்ந்து பதினான்கு புத்தகங்களிலும் ஒட்டியதை உரித்து, உள்ளதை உள்ளபடி எழுதி ஒட்டினேன். நாய் செத்துப்போயிற்று. பொம்மை ஆற்றோடு போயிற்று. வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகள் அவற்றையும் அதே ஆசையோடுதான் எடுத்துப்போனார்கள். அழ வேண்டிய இடத்தில் கொஞ்சம் அழுதுவிட்டு, மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்கள். நான் பயந்த பயமெல்லாம் என்னுடையது மட்டும்தான்.

இப்போது அந்த வாசகசாலை இல்லை. இடித்துவிட்டு, தங்கும் விடுதிக்கு வருகிற கார்கள் நிற்க இடம் விட்டிருக்கிறார்கள். எஸ்தர் அக்கா கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். பெட்டியும் புத்தகங்களும் போன இடம் தெரியாது. மேல்மலை ஊரில் அந்த நிழற்குடையும் மாறிவிட்டது, தகரக் கூரையும் இரும்பு நாற்காலிகளுமாகப் புதிதாக நிற்கிறது. இதற்கெல்லாம் நான் பெரிதாக வருத்தப்படுவதில்லை. காலம் கொண்டுபோனது காலத்தோடு போகட்டும். எழுத்தில் இருப்பது உண்மை என்று நம்பி, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்த ஒருத்தி புத்தகமே வேண்டாமென்று போனதற்குக் காலம் காரணமில்லை.

கல்யாணமாகி வத்தலக்குண்டுக்கு வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. பஸ் நிலையம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அங்கிருந்து அய்யம்பாளையத்துக்குக் கொஞ்ச நேரம்தான். பூங்கொடிக்கு இப்போது முப்பதுக்கு மேல் இருக்கும். பிள்ளைகூட இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு யாராவது புத்தகம் வாங்கித் தருகிறார்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்தால் போதும். எத்தனையோ தடவை அந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். முன் சீட்டில் எப்போதும் ஏதாவது ஒரு சின்னப் பிள்ளை ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு கடைப் பலகைகளைச் சத்தமாக எழுத்துக் கூட்டி வாசிக்கும். கண்டக்டர் விசில் கொடுப்பதற்குள் நான் இறங்கிவிடுகிறேன்.