புது ஆணிக்கு வயது ஏற்றிய கதை

பழையதைப் புதிதாக்கித் தர ஊரெல்லாம் ஆள் உண்டு. புதியதைப் பழையதாக்கித் தரத் திருகோணமலையில் எங்கள் செல்லையா பாஸின் தச்சுப் பட்டறை ஒன்றுதான் இருந்தது. உட்துறைமுக வீதியில், கடற்காற்று நேரே வந்து முகத்தில் அறையும் இடம். வெள்ளைக்காரன் காலத்து அலுமாரி, பெட்டகம் எல்லாம் கதவு, மூடிப் பிணைச்சல் கழன்று எங்களிடம் வந்து சேரும். மரம் கல்லுப்போல இருக்கும்; ஆணிதான் துருவேறி உக்கியிருக்கும். கடையில் வாங்கிய ஸ்குரூ ஆணியை அப்படியே போட்டால், தொண்ணூறு வயதுக் கிழவருக்குத் தங்கப்பல் கட்டிவிட்டமாதிரிப் பல்லிளிக்கும்.

அந்த இளிப்பை அடக்குவது என் வேலை. ஆணியை உப்பும் வினாகிரியும் விட்டு ஊறப்போட வேண்டும். மினுக்கம் போனதும் சிரட்டைக் கரியில் சுட்டு, கழிவு ஒயிலில் தோய்க்க வேண்டும். மரத்தில் இறுக்கியபிறகு தலையில் உள்ள வெட்டு மறையும்வரை அரத்தால் ராவி, கொல்லன் உலையில் அடித்ததுபோல நாலு பக்கமும் சுத்தியலால் தட்டி முகத்தைக் கெடுக்க வேண்டும்.

சேர்ந்த அன்றைக்கே பாஸ் சொல்லிவிட்டார்: "நீ பூட்டின வேலையில ஒரு ஆணியைக் காட்டி, 'இது புதுசு' எண்டு ஆராவது விரல் வைச்சால், அண்டைக்கே நீ கிளிவெட்டிக்குப் போகலாம்." கிளிவெட்டியில் என் அண்ணன், உழவு மாட்டுக்குப் பின்னால் நடக்க ஓர் ஆள் வேண்டுமென்று ஆவலோடு காத்திருந்தார். எனக்கோ மாடென்றால் பயம். ஒரு முதலாளிக்குக் கீழே மூச்சை அடக்கி வேலை பழகியவர்களே, என் நெஞ்சிடி உங்களுக்கு விளங்கும்.

மீன்குழம்பு

ஒருநாள் வினாகிரி முடிந்துபோயிற்று. "புளியைக் கரைச்சு ஊறப்போடு" என்றார் பாஸ். நானும் ஒரு சட்டியில் புளியைக் கரைத்து, ஒரு பிடி புது ஆணியைப் போட்டு, வெயில் விழட்டும் என்று, பட்டறைக்குப் பின்னால் பாஸ் வீட்டில் சமையல் நடக்கும் குசினி வாசலில் வைத்தேன். பாஸின் மனைவி ரோஸ் அக்கா அன்றைக்குப் பாரைமீன் வாங்கியிருந்தார். அவரும் புளி ஊறப்போட்டிருந்தார், அதேமாதிரிச் சட்டியில், அதே வாசலில். மிச்சத்தை நான் சொல்லவும் வேண்டுமா?

மத்தியானம் எல்லோரும் வட்டமாக இருந்து சாப்பிடுகிறோம். மரத்துக்குப் பொலிஷ் போடும் எங்கள் காசிம் காக்கா கிண்ணியாக் கடற்கரை ஆள், மீன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார். மென்றவர் நிறுத்தினார். வாய்க்குள் விரலை விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரோஸ் அக்காவிடம் மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"மீன் நல்ல ருசி தங்கச்சி. முள்ளுக்கு மட்டும் மரை வெட்டியிருக்கு."

கிளி

லிங்கநகர் டீச்சர் ஒருவரின் அலுமாரி வந்தது. கதவில் கொப்பிலே குந்தியிருக்கும் கிளி ஒன்று செதுக்கியிருந்தது. இந்த முறை ஆணிகள் அப்படி வாய்த்தன! சுட்டது, தோய்த்தது, ராவியது, தட்டியது எல்லாமே திறம். ஆணியையே பார்த்துக்கொண்டிருந்த மகிழ்ச்சியில் கதவைப் பார்க்கவில்லை. தலைகீழாகப் பொருத்திப் பூட்டியிருந்தேன்.

கழற்றலாம் என்றால் எப்படிக் கழற்றுவது? ஸ்குரூ ட்ரைவர் பிடிக்க ஒரு வெட்டும் இல்லை. எல்லாவற்றையும் நானே ராவி அழித்தாயிற்று. பாஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். டீச்சர் வந்தார். கழுத்தைச் சரித்துக் கிளியைப் பார்த்தார். நான் ஆணியைத்தான் பார்க்கிறாரோ என்று நடுங்கினேன். டீச்சர் சிரித்தே விட்டார்:

"இருக்கட்டும் தம்பி. கிளி வௌவாலாப் போச்சு, அவ்வளவுதானே."

போர்மன் ஐயாவின் விரல்

கப்பல் திருத்தும் டொக்யாட்டில் வேலையாட்களை மேய்க்கும் போர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். காது மந்தம், கண் கூர்மை. மனைவி வழியில் வந்த பெட்டகத்தைத் திருத்தக் கொண்டுவந்து, "ஆணி மாத்தினது தெரியப்படாது. நான் இரும்போட வாழ்ந்தவன், என்னை ஏமாத்த ஏலாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூடியில் ஆறு ஆணி. ஐந்து உக்கிப்போயின. ஆறாவது மட்டும் கொல்லன் அந்தக் காலத்தில் அடித்தபடியே கிண்ணென்று இருந்தது. அந்த வீட்டுப் பெண்கள் மெழுகு போட்டுத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்றும் இருந்தது. அதைத் தொடவில்லை. மற்ற ஐந்தையும் சாகும்வரை தட்டிப் பழசாக்கினேன்.

போர்மன் ஐயா பூதக்கண்ணாடியோடு வந்தார். முதலாவது ஆணி, "ம்." இரண்டாவது, "ம்." ஐந்தும் தாண்டின. என் நெஞ்சு மாலைதீவுக் கப்பல்மாதிரி ஆடிக்கொண்டு கரை சேர்கிற நேரம், ஆறாவதில் விரலை வைத்தார்.

"பிடிச்சிட்டன்! இது புதுசு!"

பாஸ் என்னைப் பார்த்தார். என் கண்முன் கிளிவெட்டி மாடுகள் இரண்டும் வந்து நின்றன. "ஐயா, அது பெட்டகத்தோட வந்த ஆணி" என்றேன். என் குரல் எப்போதும் தணிந்த குரல். பக்கத்தில் நின்ற காசிம் காக்காவுக்கே கேட்கவில்லை, டொக்யாட் காதுக்கா கேட்கப்போகிறது! பாஸுக்கு மட்டும் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார், போர்மன் ஐயாவின் மீசையைப் பார்த்தார், பிறகு குறடு ஒன்றை எடுத்து அந்த ஆணியைப் பிடுங்கி என் கையில் வைத்தார்.

"பெடியன்ர பிழை, ஐயா. தேத்தண்ணி குடியுங்கோ. டேய், கொண்டுபோய் இதைப் பழசாக்கு."

பாட்டன் வயது ஆணியைக் கரியில் போட்டேன். ஒயிலில் தோய்த்தேன். தலையில் நாலு பக்கமும் தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும், ஆணியை அடையாளம் கண்டுகொண்ட காசிம் காக்கா மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். திருப்பி அடித்ததும் போர்மன் ஐயா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"ஓம், இதுதானே அந்தக் காலத்து வேலை! செல்லையா, இந்தப் பெடியனுக்கு இப்பதான் இரும்பு விளங்கத் தொடங்குது. வேலையால கலைச்சுப்போடாதை."

புது ஆணி ஐந்துக்கும் வயது ஏற்றிய திறமையால் அல்ல, ஏற்கெனவே கிழவனாயிருந்த ஒன்றுக்கு அடித்துக் கிழப்பட்டம் கொடுத்த திறமையால்தான் அண்ணனின் மாடுகளிடமிருந்து நான் தப்பினேன்.