கப்பல்காரருக்கு நீச்சல் தெரியுமா?

போன ஞாயிறு ரங்கூன் தின்கன்ஜூனில் ஒரு கல்யாண வீடு. பிரியாணித் தட்டைக் கையில் வாங்குவதற்குள் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“கிரீஸ் தீவுல பெரிய ஹோட்டல்ல தங்குனியாமே! எப்படி இருந்துச்சு?”

எப்படி இருந்தது? பாறைச் சரிவில் வெள்ளை வெள்ளையாக அறைகள். ஜன்னலைத் திறந்தால் கடல். எங்கள் வீட்டு ஹால் அளவுக்கு பாத்ரூம். சுற்றுவட்டாரத்தில் ஒரு வீடு கிடையாது, கடை கிடையாது. சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டார்கள்.

ஆனால் அங்கே நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லவில்லை. அதை உங்களிடம்தான் சொல்லவேண்டும்.

என் கணவர் ஜமால், கிரேக்க முதலாளி ஒருவரின் சரக்குக் கப்பலில் என்ஜினீயர். போன அக்டோபரில் கப்பல் ரிப்பேருக்காக ஒரு தீவில் நின்றது. அங்கே ஒரு ஹோட்டலில் ஜெனரேட்டர் படுத்துவிட, இவர் போய்ச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். ஹோட்டல்காரருக்கு மகா சந்தோஷம். “சீசன் முடிந்துவிட்டது, அறைகள் சும்மாதான் கிடக்கின்றன, மனைவியை வரவழை” என்றாராம்.

ட்ரங்க் கால் வந்தது. ரங்கூனில் பாஸ்போர்ட் வாங்குவது என்ன லேசுப்பட்ட காரியமா? நல்லவேளை, அலையாய் அலைந்து முன்பே வாங்கி வைத்திருந்தேன். காய்ந்த இறாலைப் பூண்டோடு வறுத்த பலாச்சாங் ஒரு டப்பா... அதுதான் என் முக்கிய லக்கேஜ். கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் ரொட்டியும் ஆலிவ் காயும் பலாச்சாங்குமாகப் போயிற்று. மறுநாள் ஹோட்டலின் படிகளில் இறங்கினோம். கீழே சின்னக் கடற்கரை. எங்களைத் தவிர ஆள் நடமாட்டமே இல்லை.

இவர் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

“வாங்க மச்சான், காலையாவது நனைப்போம்.”

“நீ போ. நான் இங்கனயே இருக்கேன்.”

“ஏன்?”

“எனக்கு நீச்சல் தெரியாது.”

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது — இவர் விளையாடவில்லை. இத்தனை வருடம் கப்பலில் வேலை செய்கிற மனுஷர்!

“ட்ரெய்னிங்ல லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு ஒரு தடவை குதிச்சேன். அதுக்கு மேல யாரு கேட்டா? நடுக்கடல்ல விழுந்தா நீந்தி எங்க போறது?”

“ஹனீஃப் காக்கா நடுக்கடல்லயா விழுந்தாரு?”

கேட்டிருக்கக் கூடாதோ? ஹனீஃப் எங்கள் தெருக்காரர், அண்ணன் முறை. இவரோடு அதே கப்பலில் இருந்தவர். துறைமுகத்துக்குள்ளேயே, கப்பலில் ஏறும் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்து இறந்துபோனார். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. இவர் பேசியதில்லை.

அன்று பேசினார்.

“நான் மேலேதான் நின்னேன் மரியம். மிதவையைத் தூக்கிப் போட்டேன். அவரு கைக்கு எட்டல. கரை அந்தா இருக்கு. குதிச்சிருந்தா அதை அவரு பக்கம் தள்ளியாவது விட்டிருக்கலாம். நான் கத்திக்கிட்டே நின்னேன்.”

நான் என்ன ஆறுதல் சொல்ல? ‘உங்க தப்பு இல்ல’ என்று சொல்லலாம். சொன்னால் அவர் நம்பிவிடுவாரா? எனக்குத் தோன்றியது ஒன்றுதான் — இந்த மனுஷர் இனிமேல் இப்படியே கப்பல் ஏறக் கூடாது.

லுங்கியை இறுக்கி முடிந்துகொண்டு தண்ணீரில் இறங்கினேன். எனக்கும் நீச்சல் தெரியாது. முழங்கால். இடுப்பு...

“மரியம்! எங்க போறே?”

“நீங்க வர்ற வரைக்கும் போறேன்.”

வந்தார். ஷூவோடு வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“போதும், வா.”

“போதாது. தலை நனையணும்.”

அந்த ஹோட்டலில் பெட்ஷீட் மாற்றுகிற எலேனி என்கிற அம்மாள், படியில் நின்று எங்கள் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன நினைத்தாளோ, உடுத்திய கவுனோடு இறங்கி வந்து தண்ணீரில் மல்லாந்து மிதந்து காட்டினாள். “சிகா, சிகா” என்றாள். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தமாம்.

அங்கே இருந்த மிச்ச நாளெல்லாம் அதே வேலைதான். நான் மிதந்துவிட்டேன். இவர் உப்புத்தண்ணீர் குடித்தார், இருமினார், என்னைத் திட்டினார். கிளம்புகிற அன்று காலையில், எலேனி தாங்கியிருந்த கையை மெல்ல எடுத்தபோது, ஒரு பிஸ்மில்லா சொல்கிற நேரம் மிதந்தார்.

சொகுசு என்றால் என்ன என்று அப்போதுதான் புரிந்தது. பெரிய பாத்ரூமா? தெரியாததை யாரும் பார்க்காமல் கற்றுக்கொள்ள ஓர் இடம்... அதற்குத்தான் அவ்வளவு வாடகை!

ரங்கூனில் அந்தச் சொகுசு ஏது? டிசம்பரில் லீவில் வந்தவரை நீச்சல்குளத்துக்கு அழைத்துப் போனேன். காலைக் குளிர். தண்ணீர் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கோச் இவரையும் அவர்களோடு வரிசையில் நிறுத்தினார்.

“மானம் போகுது மரியம்.”

“அது போகட்டும். நீங்க போகாம இருந்தாப் போதும்.”

தினமும் முணுமுணுத்தார். தினமும் போனார். நான் பெஞ்சில் துண்டோடு உட்கார்ந்திருந்தேன், ஒரு நாள் விடாமல். லீவு முடிகிற வாரம், குளத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். அழகாக அல்ல. தவளைக்கே சிரிப்பு வந்திருக்கும். ஆனால் யாரும் தாங்கவில்லை.

மேலே வந்தவர் துண்டை வாங்கவில்லை. தாண்டி வந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இவ்வளவு தூரம்தான் மரியம்... ஹனீஃபுக்கும் கரைக்கும்.”

அழுதார். நான் துண்டை அவர் தோளில் போர்த்தினேன்.

போன மாதம் மறுபடி கப்பலேறினார். நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. எங்கள் தெருவில் லீவில் இருக்கிற கப்பல்காரர்களின் மனைவிமார் ஒவ்வொருவரிடமும் போய், “உங்க வூட்டுக்காரருக்கு நீச்சல் தெரியுமா, கேட்டுப் பாருங்க” என்றேன். கேட்டிருக்கிறார்கள். பல வீடுகளில் பேச்சையே மாற்றிவிட்டார்களாம்!

இப்போது மூன்று பேர் குளத்துக்குப் போகிறார்கள். அதில் மூத்தவர், பெரிய மீசைக்காரர், இன்னமும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறாராம்.

பிடித்துக்கொள்ளட்டும்... இறங்குகிறார் அல்லவா!