வெள்ளைப் பூனைக்குக் கவ்வாத்து

எங்கள் வெள்ளைப் பூனைக்குக் காதில் வந்த புண் ஆறவே இல்லை. ஈப்போ டவுனில் மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். "கேன்சர். ரெண்டு காது மடலையும் வெட்டிட்டா பிழைச்சுக்கும், காதும் கேட்கும்" என்றார் டாக்டர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தோட்டத்தில் தேயிலைச் செடிகளை மொட்டையாக வெட்டிக் கவ்வாத்து செய்கிற என் வீட்டுக்காரர் அசரவில்லை.

"கவ்வாத்து வெட்டுனா செடி செத்தா போவுது? வெட்டச் சொல்லு லா."

"செடி துளிர்க்கும். காது துளிர்க்குமா?" என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் டாக்டரிடம் சரி என்றேன்.

காது துளிர்க்கவில்லைதான். புண் ஆறிய பிறகு ஒருநாள் அடுப்படியில் சத்தமில்லாமல் நெத்திலிப் பொட்டலத்தைப் பிரித்தேன். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீட்டிலிருந்து பூனை பாய்ந்து வந்தது.

இரண்டு காதும் முழுசாக இருக்கிற வீட்டுக்காரரைத்தான் இன்னும் தொண்டை கிழியக் கூப்பிட வேண்டியிருக்கிறது.