ஒழுங்கைப் பக்கக் குலைகள்

உப்புவெளியில் எங்கள் வீட்டு வளவுத் திராட்சைக் கொடி முதன்முதலாகக் காய்த்த வருடம், எனக்கு ஒரு நாளும் நிம்மதி இருக்கவில்லை. துறைமுகக் கந்தோரில் வேலை முடிந்து வந்ததும் பந்தலுக்குக் கீழே கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். பழைய இஸ்ரவேலருக்குச் சமாதானம் என்றால் அதுதான்: ஒவ்வொருவனும் பயமில்லாமல் தன் திராட்சைக் கொடியின் கீழ் உட்கார்ந்திருப்பது. நானும் உட்கார்ந்தேன். ஆனால் வேலிக்கு வெளியே, ஆட்கள் போய்வரும் ஒழுங்கைப் பக்கம் தொங்கிய குலைகளில் தினமும் பழம் குறைந்தது.

"ஆளைப் பிடிச்சால் கையை முறிப்பன்," என்றேன்.

மனைவி அரிசி புடைத்தபடியே சொன்னாள்: "அயலானின்ர தோட்டத்தில வயிறாறத் தின்னலாம், கூடையில போட்டுக்கொண்டு போகத்தான் ஏலாது எண்டு வேதத்தில சட்டம் இருக்கெல்லே? போன ஞாயிறு கோயில்ல வாசிச்சது நீங்கள்தானே!"

"அது இஸ்ரவேலருக்கு," என்று எரிந்து விழுந்தேன்.

சனிக்கிழமை காலை, அறுப்பின் பண்டிகைக்குத் தேவாலயத்தில் வைப்பதற்காக, ஒரு குலையும் மிச்சம் விடாமல் வெட்டுவதென்று கூடையோடு இறங்கினேன். வேலியோரம் கிண்ணியா மீன்காரர் ஒருவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஒவ்வொரு பழமாகப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தார். விற்று முடிந்த மீன்பெட்டி திறந்து கிடந்தது. அதில் ஒரு பழம்கூட இல்லை. என்னைக் கண்டும் அவர் பதறவில்லை.

"கொஞ்சம் புளிக்குது ஐயா. இன்னும் ஒரு கிழமை விடுங்க, இப்ப வெட்டிப்போடாதீங்க."

இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

கூடையோடு நின்றது நான்தான்.